நான்காவது மேசைப் பிரஷர் கருவி

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் மாணவர்கள் என்று ஒரு தனிச் சாதி உண்டு. மற்றப் பிள்ளைகள் முந்நூறு பேராக அரங்கில் தூங்கி வழிந்து படிக்கும் பொதுக்கல்விப் பாடங்களை, இவர்கள் பதினெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே படிப்பார்கள். பாடம் என்னவோ ஒன்றுதான். பாடத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடும், படிப்பவர் தலையில் கொஞ்சம் கனம் கூடும்.

அவர்களுக்குச் சுகாதார அறிவியல் செய்முறை வகுப்பு எடுப்பது என் தலையெழுத்து. பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸில் ஓடி, முதுகு போனபிறகு இங்கே ஒப்பந்த ஆசிரியையாக வந்தவள் நான். என்னை எல்லோரும் வெர்னா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனர்ஸ் இயக்குநர் விட்காம் சேல்ஸை மட்டும் டாக்டர் என்று அழைத்தாக வேண்டும். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது பதினேழாம் நூற்றாண்டு இரங்கற்பாக்களில்.

பிப்ரவரியில் இரத்த அழுத்தம் அளக்கும் பாடம் வந்தது. கையை மேசைமேல் வை, கால்மேல் கால் போடாதே, ஐந்து நிமிடம் சும்மா இரு, அளக்கும்போது வாயைத் திறக்காதே, பேசினால் அழுத்தம் ஏறும். நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அளந்ததை எழுதும் தாளைத் தயாரித்தவர் டாக்டர் சேல்ஸ். அதில் எண்ணுக்கு ஒரு வரி. 'அந்தத் துடிப்பைக் கேட்டபோது உங்களுக்குள் என்ன நிகழ்ந்தது' என்பதற்கு இரண்டு பக்கம்.

சாயங்காலம் கருவிகளை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன். நான்காவது மேசைக் கருவியின் பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை கிழிந்திருந்தது. எவ்வளவு அமுக்கினாலும் முள் நாற்பதைத் தாண்டவில்லை. அதை வைத்து யாருடைய அழுத்தத்தையும் அளக்க முடியாது. அந்த மேசைத் தாள்களைத் தேடி எடுத்தேன். நூற்றிருபதுக்கு எண்பது என்று ஒன்று. நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு என்று ஒன்று. நூற்றுப் பதினாறுக்கு எழுபத்து நான்கு என்று இன்னொன்று. எல்லாம் புத்தகத்தில் இருக்கும் ஆரோக்கியம். நான்காவது தாளில் மட்டும், 'முள் ஏறவில்லை, அளக்க முடியவில்லை' என்று இருந்தது. எழுதியவள் ஓட்டிலி பிரான்ட்வோல்ட்.

சனி, ஞாயிறுகளில் முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, பிரஷர் பார்க்கிற பெண் அவள். அன்று என்னைப் பார்த்துக் கை தூக்கியிருக்கிறாள். முதல் மேசையில் ஒருவன் தன் நாடித்துடிப்பைத் தானே கேட்டு மயங்கி விழுந்திருந்ததால் நான் கவனிக்கவில்லை. அது என் தப்பு.

அந்த மூவருக்கும் பூஜ்யம் போட்டேன், ஓட்டிலிக்கு முழு மதிப்பெண். டாக்டர் சேல்ஸ் அதை அப்படியே தலைகீழாக்கினார். எண் இல்லாத தாள் முழுமையடையாத தாளாம். அதோடு ஓட்டிலியின் சராசரி இறங்கி, ஆனர்ஸிலிருந்து அவளை நீக்கும் கடிதம் தயாரானது. அவளுக்கு அந்தப் பெருமையெல்லாம் வேண்டியதில்லை. ஆனர்ஸ் பிள்ளைகள்தான் பாடவேளையை முதலில் தேர்ந்தெடுக்கலாம். அது இருந்தால்தான் நர்சிங் பாடங்களும் முதியோர் இல்லத்து வேலையும் ஒன்றோடொன்று முட்டாமல் ஓடும். இல்லாவிட்டால் இரண்டில் ஒன்றை விடவேண்டும். வேலையை விட்டால் படிப்பும் போய்விடும்.

கிழிந்த கருவியையும் நல்ல கருவி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டிலியையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் உள்ளே விட்டார். ஏற்கெனவே ஒரு மணி நேரமாக அங்கே உட்கார்ந்து, தேயர் லின்ட்ஸ்ட்ராம் என்ற பையனிடம் பேசிக்கொண்டிருந்தாராம். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு எழுதியவன் அவன்தான். 'என் நண்பனின் இதயம் கதவைத் தட்டியது' என்று அவன் எழுதிய இரண்டு பக்கமும் ஆனர்ஸ் மலரில் வரப்போகிறது.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்," என்றார் டாக்டர். "அதே கருவியிலதானே வெர்னா மத்த மூணு பேரும் அளந்திருக்காங்க?"

நான் கிழிந்த கருவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். தேயர் உங்களுக்கே அளந்து காட்டட்டும் என்றேன். அவர் சந்தோஷமாகச் சட்டைக்கையை மடித்தார்.

தேயர் பட்டையைச் சுற்றி ரப்பர் உருண்டையை அமுக்கினான். புஸ்ஸென்று காற்று போனது. முள் சோம்பேறி நாய் மாதிரி லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அவன் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டான். டாக்டரோ வாயை மூடவே இல்லை. மனித இதயத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு," என்றான் தேயர்.

டாக்டர் முகம் மலர்ந்தது. நான் பட்டைக்குள்ளிருந்து ரப்பர் பையை உருவி, கிழிசலுக்குள் விரலை விட்டுக் காட்டினேன். விரல் மறுபக்கம் வந்தது.

"எனக்குக் கேட்டுச்சே," என்றான் அவன்.

கையில் பாட்டிலை வைத்துக்கொண்டே குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறேன். பொய் சொல்லும்போது அவர்களாவது பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். இவன் என் கண்ணைப் பார்த்தே சொன்னான். எனக்கு அருவருப்பாக இருந்தது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். இது பயிற்சிதானே, அனுபவம்தான் முக்கியம், எண் முக்கியமில்லை என்றார்.

"எண் முக்கியமில்லன்னா, எண் எழுதாத பொண்ணுக்கு எதுக்கு சைபர்?"

டாக்டர் கிழிந்த கருவியை ஓரமாகத் தள்ளி வைத்தார். கடைசியில், அந்தப் பெண்ணும் வந்து அளந்து காட்டட்டும் என்றார். தோற்கட்டும் என்று நினைத்திருப்பார். ஓட்டிலி உள்ளே வந்தாள். நல்ல கருவியைக் கொடுத்தேன். கால்மேல் போட்ட காலை இறக்கச் சொன்னாள், கையை மேசைமேல் வைத்தாள், ஐந்து நிமிடம் காத்திருந்தாள். அவள் கேட்டுக்கொண்டதால் டாக்டரும் எப்படியோ வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒருமுறை அளந்தாள். கொஞ்சம் விட்டு இன்னொருமுறை அளந்தாள். தாளில் எழுதினாள். நூற்றெண்பத்து நான்குக்கு நூற்றாறு.

டாக்டர் எட்டிப் பார்த்தார். முகத்தில் இரத்தமில்லை.

"அத எழுத வேண்டாமேம்மா. இப்பதான் மாடி ஏறி வந்தேன்." நீக்கக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உன் விஷயத்த நான் பாத்துக்கறேன். அந்தத் தாள மட்டும் கொஞ்சம்..."

ஓட்டிலி என்னைப் பார்த்தாள். கிழித்துப் போட்டுத் தொலையேன், உன் பிழைப்பைப் பார் என்று அந்த ஒரு நொடி நானும் நினைத்தேன். பத்தொன்பது வருட ஆம்புலன்ஸ்காரி. வெட்கமாக இருக்கிறது.

"எழுதிட்டேன், டாக்டர்," என்றாள். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இன்னைக்கே போய்க் காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க."

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தேயர் தன் ஷூவைப் பார்த்தான். பிறகு டாக்டர் பேனாவை எடுத்துக் கடிதத்தின் குறுக்கே கோடு போட்டு, அவளுக்கு நான் போட்டிருந்த முழு மதிப்பெண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆனர்ஸ் கல்விக்கு நேர்மைதான் அடித்தளம் என்றும், தான் என்றைக்குமே அதைத்தான் வலியுறுத்தி வந்திருப்பதாகவும் தொடங்கினார்.

ஓட்டிலி அதற்குள் அவருடைய இன்னொரு கையில் பட்டையைச் சுற்றியிருந்தாள்.

"பேசாதீங்க, டாக்டர்," என்றாள். "பேசினா ஏறும்."