ஒரு சொட்டுகூட விழல

ஊர் பூரா கக்கூஸ் மாட்டிக்கொடுக்கிற பிளம்பர் என் வீட்டுக்காரர். அவர் பெத்த பொண்ணுக்கு ரெண்டே முக்கால் வயசாகியும் டயபர் கழலல. இதை யாருகிட்ட சொல்லி அழறது?

அழவும் நேரமில்ல. திங்கக்கிழமை நான் மறுபடி பஸ் ஓட்டப் போகணும். மூணு வருஷமா ஸ்டியரிங் பிடிக்காம கை நமநமங்குது. குழந்தைகள் காப்பகத்து மிஸ் கண்டிஷனா சொல்லிட்டாங்க: "டயபரோட வந்தா சேர்த்துக்க மாட்டோம்மா." நான் போகலைன்னா என் ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. கையில இருந்தது ஆறே நாள்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? என்கிட்ட விடு"ன்னார் பிளம்பர். விட்டேன். என் புத்தியைச் சொல்லணும்.

முதல் நாள் மஞ்சள் கலர்ல ஒரு குட்டி டாய்லெட் வாங்கிட்டு வந்தார். எங்க பொண்ணைக் குண்டூசின்னுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு பொடிசு, குத்தல் அவ்வளவு பெருசு. அவ அதுல பொம்மைக் கரடியை உட்காரவச்சுட்டு, தான் தரையை நனைச்சா. அதுவும் மூணு தடவை. நான் மாப்பும் கையுமா அலைஞ்சேன்.

ரெண்டாம் நாள் இவர் தன் தொழிலைக் காட்ட ஆரம்பிச்சார். புதுசா பைப் போட்டா இவங்க ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க. எல்லா வாயையும் அடைச்சு, உள்ளே தண்ணியை அழுத்தி ஏத்தி, மணிக்கணக்கா விட்டுவைப்பாங்க. ஒரு சொட்டு கசியலைன்னா சுவத்துல சாக்பீஸால டிக். அதே மாதிரி அரை மணிக்கு ஒரு தடவை குண்டூசியோட ஜட்டியைத் தொட்டுப் பார்த்தார். காய்ஞ்சிருந்தா பாத்ரூம் கதவுல ஒரு டிக், கூடவே கைதட்டல், தோள்ல ஒரு சவாரி.

நாலாம் நாள் கதவு நிறைய டிக். மாப்புக்கு வேலையே இல்ல. இவர் காலரைத் தூக்கிவிட்டுகிட்டார். "பார்த்தியா? ஒரு சொட்டுகூட விழல!"

எனக்கு அப்பதான் சுருக்குன்னுச்சு. "தரையில விழல, சரி. டாய்லெட்டுல விழுந்துச்சா?"

குட்டி டாய்லெட்டை எட்டிப் பார்த்தார். காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் எங்கேயுமே விழல. குண்டூசி காலைப் பின்னிகிட்டு, முகம் சிவந்து நின்னா. வயித்தைத் தொட்டா கல்லு மாதிரி இருந்துச்சு. தூங்கவைக்க டயபர் மாட்டின அடுத்த நிமிஷம் அது தொப்பலா நனைஞ்சு தொங்குச்சு.

"அட அறிவு கெட்ட மனுஷா! போனா கைதட்டுங்கன்னா, போகாம இருக்கிறதுக்குத் தட்டியிருக்கீங்களே! குழந்தை என்ன பைப்பா?"

கத்தி முடிச்சப்புறம்தான் எனக்கே உறைச்சுது. இந்த அடக்குற வித்தை என்னோடதும்தான். பஸ் ஓட்டுறப்ப கடைசி ஸ்டாப்ல பாத்ரூம் இருக்கும். ஆனா டைம் கீப்பர் "லேட்டு, எடு எடு"ன்னு விசில் ஊதுவார். தண்ணியே குடிக்காம ஓட்டி, ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து துடிச்சிருக்கேன். அந்த வேதனை என் பொண்ணுக்கு வேணாம். ரூட் போனா போகட்டும்.

"கதவைத் துடைங்க"ன்னேன். ஈரத்துணி எடுத்துத் துடைச்சார்.

சனிக்கிழமை ரெண்டு தடவை தரையில போயிட்டா. "வந்துச்சே, தங்கம்!"னு ரெண்டு பேரும் மாப்போட நின்னு கைதட்டினோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவர் குட்டி டாய்லெட்டை வாஷ்பேசின் பக்கத்துல போட்டு, குண்டூசியை உட்காரவச்சு, குழாயை மெல்லிசா திறந்துவிட்டார். டிக் கிடையாது, தொட்டுப் பார்க்கிறது கிடையாது. அவர் பாட்டுக்குக் கரடிகிட்ட ஊர்க்கதை பேசிகிட்டிருந்தார். குழாய்ச் சத்தத்துக்கு நடுவுல இன்னொரு சத்தம் கேட்டுச்சு.

"அப்பா! நானும் திறந்துட்டேன்!"

பிளம்பர் கண்ணைத் துடைச்சுகிட்டார். தண்ணி தெறிச்சுதாம். நம்பிட்டேன்.

ராத்திரி படுக்கும்போது அவகிட்ட சொன்னேன்: "அடக்கவே கூடாது கண்ணு. வந்தா உடனே போயிடணும்."

"அம்மாவும்?"

"அம்மாவும்தான்."

திங்கக்கிழமை காப்பகத்து வாசல்லயே குண்டூசியோட ஜட்டி நனைஞ்சுபோச்சு. நான் அவசரமா பையில மாத்து ஜட்டியைத் தேடினேன். மிஸ் சிரிச்சாங்க. "டயபர் இல்லையே, அது போதும். இங்க எல்லாரும் நனைச்சு நனைச்சுக் கத்துகிட்டவங்கதான். ரெண்டு ஜட்டி கூடுதலா வச்சுட்டுக் கிளம்புங்கம்மா."

பதினோரு மணி. கடைசி ஸ்டாப். பஸ் நிறைய ஆளுங்க. டைம் கீப்பர் விசில் ஊதினார். நான் இன்ஜினை அணைச்சு, சாவியை எடுத்துகிட்டு இறங்கினேன்.

"எங்கம்மா போறே? லேட்டாகுது!"

"பாத்ரூம் சார்."

"அடுத்த ட்ரிப்ல போயேன்!"

"என் பொண்ணுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். நீங்க வேணும்னா ஊதிகிட்டே இருங்க."

நிதானமா போயிட்டு வந்தேன். டைம் கீப்பரைக் காணோம். ஆம்பளைங்க பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்துச்சு.