அக்காவின் ஜாக்கெட்

மார்ச் பதினான்காம் தேதி சனிக்கிழமை பிற்பகல், துறைமுகத்தின் இரண்டாம் முனையத்தில், ஐந்து இரவுச் சுற்றுலாவுக்குப் புறப்படவிருந்த கப்பலில் ஏற வந்த பெண் பயணி ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது; ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி.

திருப்பி அனுப்பப்பட்டவள் பெரியவள். பக்கத்தில் நின்றவள் அவள் தங்கை சின்னவள். அம்மா கூப்பிட்ட பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு, இப்போது குடியிருப்பு வாட்ச்மேன்கூட அப்படித்தான் சொல்கிறார். பெரியவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமான பிறகு தங்கையோடு வந்து சேர்ந்துகொண்டாள். சின்னவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி பிரேமை வளைத்துக் கொடுப்பாள்.

பயண வேலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் சின்னவள் பொறுப்பு, துணிமணி பெரியவள் பொறுப்பு. "பாஸ்போர்ட் அவங்கவங்க பாத்துக்கலாம். என்னுதுல நீ கை வைக்காத" என்று பெரியவள் சொல்லியிருந்தாள். கப்பலில் என்ன உடுத்துவது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தீர்த்தவள், அந்தத் தேதியை மட்டும் பார்க்கவில்லை.

கவுண்டர் பெண் விஷயத்தைச் சொன்னதும் பெரியவள் சண்டை போடவில்லை. வார்டில் நாற்பது பேரை மேய்த்தவள், பாஸ்போர்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பின்னால் வரிசை நெளிந்தது. அவள் தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "நீ போ" என்றாள்.

"நீ இல்லாம நான் மட்டும் எப்படிக்கா?"

"ரெண்டு பேர் டிக்கெட்டும் வீணாகணுமா? போ."

அதற்குள் ஒரு போர்ட்டர் பெரியவளின் பெட்டியைத் தேடி எடுத்து வந்து நிறுத்தினான். வரிசை சின்னவளை முன்னால் தள்ளியது. அவள் போனாள்.

கப்பல் நகரத் தொடங்கிய பிறகுதான் அந்த வார்த்தை அவளை உறுத்த ஆரம்பித்தது. அவர்கள் வீட்டில் தெருமுனைக்குப் போனாலும் "போயிட்டு வா" என்றுதான் சொல்வார்கள். வெறும் "போ" என்பது இரண்டு பேருக்கு மட்டும்: பால்கனியில் வந்து உட்காரும் பூனைக்கு, பிறகு மின்விசிறி ரிப்பேர் செய்யவா என்று மதியத் தூக்கத்தில் மணி அடிக்கிறவனுக்கு. அக்கா எந்தப் போவைச் சொன்னாள்? மனசார அனுப்பினாளா, இல்லை துரத்தினாளா?

முதல் இரவு போட்டு வந்த துணியோடே சாப்பிடப் போனாள். பெரியவள் அதையும் சொல்லியிருந்தாள்: "மொத ராத்திரி யாரும் கண்டுக்க மாட்டாங்க. பெட்டி ரூமுக்கு வந்து சேரவே நேரமாகுமாம்."

திரும்பி வந்தபோது பெட்டி அறைவாசலில் இருந்தது. திறந்தாள். மேலே அக்காவின் சால்வை. அதற்குக் கீழே அக்காவின் இரண்டு புடவைகள், அவற்றின் ஜாக்கெட்டுகள், பிறகு தன்னுடைய இரண்டு நூல்புடவை செட்டும் சுடிதார்களும். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பெட்டி தொலைந்துபோனாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்க வேண்டும் என்று, இரண்டு பேர் துணியையும் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு பெட்டியிலும் அடுக்கியிருந்தாள் பெரியவள். பெட்டி தொலைவதற்கு வழி வைத்திருந்தாள். ஆள் தொலைவதற்கு வைக்கவில்லை.

குளியலறை அலமாரியில் இரண்டு டவல்கள். கட்டில் இரண்டாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. இரண்டாவது கட்டிலின் மேல் பெட்டியை வைத்தாள்.

சாப்பாட்டு மேஜை ஆறு பேருக்கானது. அதில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு தம்பதி. அவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கப்பலில் ஏறிய நாளிலிருந்து இஞ்சின், நங்கூரம், காற்று என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததால் மனைவி அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டாள்.

"தனியாவா வந்தீங்க?" என்று முதல் நாளே கேட்டாள் அவள்.

"அக்கா ரூம்ல இருக்காங்க. கொஞ்சம் தலைசுத்தல்."

எப்படி வாயில் வந்தது என்று சின்னவளுக்கே தெரியவில்லை. அக்காவைத் திருப்பி அனுப்பினார்கள், நான் ஏறி வந்துவிட்டேன் என்று, முன்பின் தெரியாதவர்களிடம், சூப்பு வரும் முன்பு எப்படிச் சொல்வது?

"பாவம். கடல் ஒத்துக்கலையோ?"

"மொத நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் கேப்டன். "கப்பலோட நடுப்பாகத்துல வந்து நிக்கச் சொல்லுங்க. அங்க ஆட்டம் கம்மி."

"நீங்க நடுவுல நின்னாத்தான் ஆட்டம் ஜாஸ்தி. சும்மா சாப்பிடுங்க."

எழுந்து வரும்போது அந்த அம்மாள் பரிமாறுகிறவரிடம் சொல்லி, ஒரு தட்டில் பழத்துண்டுகள் மூடி வாங்கிக் கொடுத்தாள், அக்காவுக்கு. மறுநாளும் அதே. சின்னவள் இரண்டு இரவும் இரண்டாவது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தனக்கு வேண்டாத பழத்தைத் தின்று தீர்த்தாள்.

பகலில் மேல்தளத்தில் உட்கார்ந்தாள். நீச்சல் குளத்தைச் சுற்றிலும் டவல் கட்டியவர்கள், ஈரக் குழந்தைகள், தொப்பிகள். சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் அவளுடையவை. தோளில் போட்டிருந்த சால்வை அக்காவுடையது. ஈரத்துணியோடும் வெறுங்காலோடும் சாப்பாட்டு வரிசைக்கு வரக்கூடாது என்று பலகை இருந்தது. அக்கா பார்த்திருந்தால் இன்னும் நாலு விதி சேர்த்திருப்பாள். பேசலாம் என்று திரும்பினால், பக்கத்து நாற்காலியில் யாரோ மடித்து வைத்துவிட்டுப் போன புத்தகம் இருந்தது.

போனில் கப்பல் இணையத்துக்குப் பதிவு செய்துகொண்டு, "ரூம் நல்லாயிருக்கு" என்று அனுப்பினாள். பெரியவள் பார்த்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஃபார்மல் நைட், எல்லோரும் விருந்து உடையில் சாப்பிட வர வேண்டிய இரவு. இதைச் சொல்லித்தான் வீட்டில் அதிகம் சிரித்தார்கள். கப்பல் கம்பெனி அனுப்பிய குறிப்பை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்த பெரியவள், "அடியே சின்னவளே, ஆம்பளைங்க எல்லாம் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் சாப்பிட வரணுமாம்!" என்று கத்தினாள்.

"கொக்கி முன்னாடியா பின்னாடியா?"

"கை வச்சதா, கை இல்லாததா?"

அப்புறம் ஒரு வாரம், வாட்ச்மேனைப் பார்த்தால்கூட இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த இரவுக்கென்று சின்னவளுக்கு எடுத்த நீலப் பட்டு பெரியவளின் பெட்டியோடு கரைக்குப் போய்விட்டது. பட்டு என்று கையில் இருந்தது பெரியவளின் மெரூன் புடவையும் அதன் ஜாக்கெட்டும். தன்னுடைய இரண்டு ஜாக்கெட்டும் பச்சை, மஞ்சள். மெரூனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. மெரூன் ஜாக்கெட்டைப் போட்டாள். தோள் இரண்டும் வழிந்தன, அக்குளில் காற்று போயிற்று. கண்ணாடியில் அக்காவின் துணிக்குள் யாரோ ஒளிந்துகொண்டிருப்பது போல் தெரிந்தது.

போகாமல் இருக்கலாம். மேல்தளத்தில் எந்த உடையிலும் சாப்பிடலாம். கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். இந்த ஒரு ராத்திரிக்குத்தான் அக்கா இரண்டு மாதம் அலைந்தாள். துரத்தியிருந்தால், அவள் துணியை எடுத்துக் கட்டுவது திமிர். மனசார அனுப்பியிருந்தால், கட்டாமல் மூலையில் கிடப்பது துரோகம். எது என்று தெரியாமலேயே எழுந்தாள். பின்னால் ஒரு பிடி துணியைச் சுருட்டி இரண்டு ஊக்குக் குத்தினாள். முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தி மறைத்தாள்.

மாடிப்படி அருகே கப்பல் போட்டோக்காரர் குடும்பம் குடும்பமாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அவள் நிற்காமல் நடந்தாள்.

கேப்டன் கறுப்புக் கோட்டில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சின்னவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"புடவை ரொம்ப நல்லாயிருக்கு. ஜாக்கெட்டுதான் கொஞ்சம்... உங்க அக்காவோடதா?"

"ஆமா."

"அப்போ அவங்க எதக் கட்டியிருக்காங்க?"

சின்னவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா கப்பல்லயே இல்லைங்க" என்றாள். பாஸ்போர்ட், கவுண்டர், பாதிப் பாதியாகப் பிரித்த பெட்டி எல்லாவற்றையும் சொன்னாள். போ என்று சொன்னதையும்.

"அப்போ அந்தப் பழமெல்லாம்?" என்றார் கேப்டன்.

"நான்தான் தின்னேன்."

"ஏங்க, அதுவா இப்போ முக்கியம்?" மனைவி அவர் கையில் தட்டினாள். பிறகு சின்னவளிடம், "நான் இவரைத் தினமும் போன்னுதான் சொல்றேன். எங்க போறாரு?" என்றாள்.

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள், மொழி புரியாத இரண்டு பேர் உட்பட. சின்னவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் அவள் போனை வாங்கி, எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் அதை அக்காவுக்கு அனுப்பினாள். கீழே ஏதாவது எழுத வேண்டும் என்று நாலைந்து தரம் எழுதி அழித்தாள். கடைசியில் படம் மட்டும் போனது.

மறுநாள் முழுக்கப் பதில் இல்லை. அன்றைக்குக் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க வசதி இருந்தது, அவள் இறங்கவில்லை. கேப்டனின் மனைவி இப்போது அக்காவைப் பற்றிக் கேட்பதில்லை. பழத்தட்டும் வரவில்லை. பொய்யாக இருந்தாலும் அறையில் ஒரு அக்கா இருந்தாள். உண்மையைச் சொன்னதும் அவளும் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது போனில் அக்காவின் செய்தி வந்தது.

"பட்டுல ஊக்கு குத்துவாங்களா? தோள்பட்டை சுருங்கியிருக்கிறது படத்துலயே தெரியுது. பக்கத் தையல் பிரிக்கிற மாதிரிதான் விட்டிருக்கேன். உள்ள புடிச்சு நாலு தையல் போட்டிருக்கலாம்."

சின்னவள் நின்றபடியே அதை மறுபடி மறுபடி படித்தாள். பிறகு எழுதினாள்: "காலையில இறங்கிடுவேன்."

"வா" என்று வந்தது.

முனையத்தின் வாசலில் பேர் எழுதிய அட்டைகளோடு டிரைவர்கள், பூங்கொத்தோடு ஒரு பையன், அழைத்துப் போக வந்த குடும்பங்கள். பெரியவள் வரவில்லை. கேப்டனும் மனைவியும் கையசைத்துவிட்டு மகனுடைய காரில் ஏறினார்கள். சின்னவள் டாக்ஸி பிடித்தாள்.

பெரியவள் கதவைத் திறந்து, கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். கூடத்துச் சுவரோரம் அவளுடைய பெட்டி, கப்பல் கம்பெனி கட்டிய அட்டையோடு, பூட்டியபடியே நின்றது. அதன் மேல் அந்த ஐந்தாறு நாள் செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன.

"சாப்பிட்டியா?"

"ம். அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குப் போன்னு சொன்னியே..."

பெரியவள் தங்கையின் பெட்டியைத் திறந்து மெரூன் ஜாக்கெட்டைத் தேடி எடுத்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"போன்னுதான் சொன்னேன்" என்றாள். "போவேன்னு நெனைக்கல."

பெரியவள் ஊசிநூல் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

ஊக்குக் குத்திய இடத்தில் நான்கு துளைகள் விழுந்திருந்தன. பெரியவளின் பாஸ்போர்ட் மே மாதம் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அதன் பிறகு அவர்கள் கப்பலில் போகவில்லை.