ஒளித்து வைத்த ஆரம்பம்

பியானோக்காரி மத்தியானம் அந்த மெட்டை வாசித்திருக்கவே கூடாது.

கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கிற சவுண்ட் செக் நேரம். அரங்கில் நாற்காலிகள்தான் இருந்தன, ஆள் இல்லை. இசை விழாக்காரர்கள் கொண்டுவந்து வைத்திருந்த பியானோ அவளுக்குப் புதிது. எந்தக் கட்டை கனம், எது லேசு என்று பார்க்க உட்கார்ந்தாள். விரல்களோ சொன்ன பேச்சைக் கேட்காமல் நேராக அந்த மெட்டுக்குப் போய்விட்டன. நிதானமாக ஏறி, உச்சியில் நொண்டியடித்து, சட்டென்று கீழே குதிக்கிற மெட்டு. ஒரு தடவைதான் வாசித்தாள். பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. அப்பாடா என்று எழுந்துவிட்டாள்.

இதில் பதற என்ன இருக்கிறது? இருந்தது. இந்த விழாவுக்கு ஒரே ஒரு விதி. தயார் செய்த எதையும் மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. உட்கார்ந்த இடத்தில், அந்த நொடியில் பிறப்பதை வாசிக்க வேண்டும். போன வருஷம் இதே மேடையில் அவளுக்கு எதுவுமே பிறக்கவில்லை. கட்டைகள் மேல் கையை வைத்தவள் வைத்தபடி உறைந்துபோனாள். பேஸ் கிட்டார் வாசிக்கும் கணவனும் டிரம்ஸ் வாசிக்கும் நாத்தனாரும்தான் எப்படியோ கச்சேரியை இழுத்துக் கரைசேர்த்தார்கள்.

குழு நாத்தனாருடையது. கணவனுக்குத் தங்கை, வயதில் எல்லோருக்கும் சின்னவள். வாய் மட்டும் பெரிசு. கிளம்பும்போதே வாசற்படியில் நின்று சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா, சுற்றுப்பயணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன் அண்ணி. வீட்டுல எப்பவும் போலத்தான் இருப்போம். மேடை வேற, இல்லையா?"

அதனால்தான் பியானோக்காரி ஒரு ஆரம்பத்தை ஒளித்து வைத்தாள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த மெட்டு. முதல் வரி கிடைத்துவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

சாயங்காலம் அரங்கு நிரம்பி வழிந்தது. இவர்களுக்கு முன்னால் மேடையில் ஒரு டிரம்பெட்காரர். தலைமுடியைப் பார்த்து எல்லோரும் 'சுருட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். மூவரும் மேடையோரத்துத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுருட்டை மூச்சை இழுத்தார். டிரம்பெட்டை உயர்த்தினார். நிதானமாக ஏறி, உச்சியில் நொண்டியடித்து, சட்டென்று கீழே குதித்தார்.

பியானோக்காரி திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய மெட்டு! அச்சு அசலாக! ஒரு தடவை அல்ல, திருப்பித் திருப்பி, புரட்டிப் புரட்டி. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே அண்ணி," என்றாள் நாத்தனார், குச்சிகளைத் துடைத்துக்கொண்டே.

"எங்க கேட்டிருக்கப் போற?"

"அதான் தெரியல. ஆனா யாரோ ரொம்ப நாள் உக்காந்து யோசிச்ச மாதிரி இருக்கு."

பியானோக்காரி கணவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைக் கொட்டினாள். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்கிட்டகூடச் சொல்லலையே நீ!"

"சொன்னா உன் தங்கச்சிகிட்ட உளறிடுவ. இப்ப என்ன பண்றது? எனக்கு வயித்து வலின்னு சொல்லிடேன்."

"போன வருஷமே வயித்து வலின்னுதான் சொன்னோம்."

"அப்ப தலைவலின்னு சொல்லு."

"பேசாம அதையே வாசிச்சுடேன்."

"அவரோட மெட்டத் திருடிட்டேன்னு அத்தனை பேரும் சொல்லுவாங்க. என் மெட்டுதான்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா, தயார் பண்ணிட்டு வந்தியான்னு கேப்பாங்க!"

கைத்தட்டலோடு சுருட்டை இறங்கி வந்தார். வியர்வை வழிய, நேராக இவளிடமே வந்து வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டார்.

"மத்தியானம் திரைக்குப் பின்னாடி சும்மா கண்ணசந்தேங்க. நீங்க வாசிச்சீங்க பாருங்க, அது மண்டையிலயே உக்காந்துக்கிச்சு. உங்களுக்கு ஒரு வணக்கமா இருக்கட்டுமேன்னுதான் எடுத்து வாசிச்சேன். தப்பில்லையே?"

அவர்மேல் தப்பே இல்லை. ஒருவர் வாசித்ததை இன்னொருவர் எடுத்து வளர்ப்பது தயார் செய்வதில் சேராது; அந்த உலகத்தில் அது பெரிய மரியாதை. பியானோக்காரிக்கு மட்டும் அது தலையில் விழுந்த கல்லாக இருந்தது.

நாத்தனார் மெல்லத் திரும்பினாள். "மத்தியானமே வாசிச்சீங்களா? அப்ப இன்னிக்கு அதத்தான் வாசிக்கறதா இருந்தீங்க."

தரையில் கிடந்த ஒயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள் பியானோக்காரி.

"வாங்க அண்ணி. மேடை காத்துட்டிருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. அவர்கள் குழுவில் ஆரம்பம் எப்போதும் பியானோவுடையது. பியானோ பேசும்வரை மற்ற இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. நாத்தனார் போட்ட சட்டம்.

பியானோக்காரி கட்டைகள் மேல் கையை வைத்தாள். உள்ளே தேடினாள். ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது மனசு. கணவன் பேஸின் தடித்த தந்தி மேல் விரலை வைத்தபடி அவளையே பார்த்தான். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். யாரோ நாற்காலியில் நெளிந்தார்கள். போன வருஷமும் முதலில் இருமல்தான் வந்தது. அப்புறம் முணுமுணுப்பு. அப்புறம்...

டக் டக்... டக்!

டிரம்ஸின் மர விளிம்பில் குச்சி.

பியானோக்காரிக்குச் சுரீரென்றது. அந்தத் தட்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் மூன்று பேருக்கு ஒரே குளியலறை. தினமும் காலையில், அவள் தலையில் தண்ணீர் ஊற்றும் நேரமாகப் பார்த்து, கதவில் நாத்தனார் தட்டுகிற தட்டு. இன்னும் எவ்வளவு நேரம் என்று அதற்கு அர்த்தம். இங்கேயுமா? இத்தனை பேர் முன்னாலா?

கோபம் ஜிவ்வென்று ஏறியது. வீட்டில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். அங்கே வாளியில் கிடக்கும் குவளையை எடுத்துக் கதவில் ஒரு போடு போடுவாள். இங்கே இடது கை பியானோவின் அடிக்கட்டைகளில் மொத்தமாக இறங்கியது. தடால்!

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

டக் டக் டக் டக்! என்றது குச்சி, இன்னும் அவசரமாக. தடால், என்றது பியானோ. வலது கை மேலே சோப்பு வழுக்குகிற மாதிரி சறுக்கிக்கொண்டு போயிற்று. வரேன் இரு, வர முடியாது போ என்று இரண்டு கைகளும் மாறி மாறிப் பதில் சொல்லின. இருவருக்கும் நடுவில், வீட்டில் நடப்பது போலவே, யார் பக்கமும் சேராமல் கணவனின் பேஸ் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தது.

வேகம் உச்சிக்குப் போய் அடங்கியபோதுதான் ஆபத்து வந்தது. ஒரு நொடி வெற்றிடம். விரல்கள் பழக்கதோஷத்தில் பழைய இடத்துக்கு ஓடின. அந்த மெட்டின் முதல் கட்டையைத் தொட்டேவிட்டன. இன்னொரு கட்டை, அவ்வளவுதான், பத்திரமாகக் கரையேறிவிடலாம்.

நாத்தனார் குச்சிகளை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

பியானோக்காரி அடுத்த கட்டைக்குப் போகவில்லை. தொட்ட அந்த ஒற்றைக் கட்டையையே திரும்பத் தொட்டாள். மறுபடி. மறுபடி. குழாயை இறுக்கி மூடியும் நிற்காமல் சொட்டுகிற தண்ணீர் மாதிரி. அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே போனாள். குச்சிகள் மெதுவாக இறங்கி அந்தச் சொட்டோடு சேர்ந்துகொண்டன.

முடிந்தபோது கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. சுருட்டை மேடையோரத்தில் நின்று விசிலடித்தார்.

திரைக்குப் பின்னால் வந்ததும் பியானோக்காரி நாத்தனாரை மடக்கினாள்.

"ஆரம்பம் பியானோவோடதுன்னு சட்டம் போட்டதே நீதான். அந்தத் தட்டு எனக்கு உதவி பண்ணத்தானே?"

"உதவியா? எரிச்சல் அண்ணி! சுத்தமான எரிச்சல். உங்களுக்காக எத்தன தடவதான் காத்துட்டு நிக்கறது?"

"சுற்றுப்பயணத்துக்கு..." என்று இழுத்தாள் பியானோக்காரி.

நாத்தனார் குச்சிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. போற ஊர்லெல்லாம் நம்ம மூணு பேருக்கும் சேத்து ஒரே ரூம்தான் போட்டிருக்காங்க. பாத்ரூமும் ஒண்ணுதான்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனவள் திரும்பித் தலையை மட்டும் நீட்டினாள்.

"அங்க நான்தான் முதல்ல!"