சந்துக்கு ஓர் உப்பு

எங்கள் ஆராய்ச்சியில் எது நல்ல உப்பு என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று வாப்பா கேலி செய்வார்.

விஷயம் இதுதான். தாராவியில் சில சந்துகளை எடுத்துக்கொண்டு, பாதிச் சந்துகளுக்குக் கடையில் விற்கும் சாதா உப்பையும் மீதிச் சந்துகளுக்குப் பொட்டாசியம் கலந்த உப்பையும் மாதாமாதம் இலவசமாகக் கொடுக்கிறோம். எல்லாம் ஒரே வெள்ளைப் பாக்கெட், ஒரே நீல எழுத்து. எந்தச் சந்துக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டிருக்கிறது. ரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் எந்தச் சந்தில் குறைகின்றன என்று இரண்டு வருடம் பார்க்க வேண்டும். அதுவரை குலுக்கலின் முடிவு செம்பூர் அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும். கொடுக்கிறவளுக்கும் தெரியாது, வாங்குகிறவளுக்கும் தெரியாது.

சந்துப் பெண்கள் இதை என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பழகியவர்கள், குலுக்கலில் யாரும் கையை நுழைக்கக் கூடாது என்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாச் சந்தும் ஒன்று. நல்ல உப்பு தங்களுக்குத்தான் விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு சந்தும் நம்பியது. தலைவலி போனால் உப்பால் போனது, பிள்ளை பரீட்சையில் தேறினால் அதுவும் உப்பால். நான் மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

இதில் ஒரு விதி உண்டு. கிட்னி கெட்டவர்கள் இருக்கும் வீட்டை ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டோம். அதிகப்படியான பொட்டாசியத்தை வெளியே தள்ள வேண்டியது கிட்னி. அது தள்ளாவிட்டால் ரத்தத்தில் சேர்ந்து இதயத்தை நிறுத்திவிடும். இந்தப் பாடத்தை எனக்கு யாரும் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் வாப்பா நாகூர் கனிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வீட்டில் அவருக்கு வாழைப்பழம் இல்லை, இளநீர் இல்லை, உப்பு என்பது பேருக்குத்தான். நான் சமைப்பதைச் சாப்பிடும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று ரமலானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்றுதான் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதால் பி.பி. பார்க்கக் கிளம்பியிருந்தேன். மாலை அசர் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நாக்கு வறண்டு, காலில் பலம் இல்லை. கடைசி வீடு தமன்னா லாத்தா வீடு. கூடப் பிறந்தவள் இல்லை. லாத்தா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவள் கணவர் அப்துல் ஹாதி தோல் பை தைக்கும் பட்டறையில் மிஷின் ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் தப்பியதே பெரிது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ‘எங்க உப்புதான் அவர் உசுரக் காப்பாத்திச்சு’ என்று தமன்னா லாத்தா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீதமிருக்கும் உப்பை எடை போட வேண்டும். கொண்டு வரச் சொன்னேன். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள், ஒரு கல் இல்லை. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“பள்ளிக் கஞ்சி இன்னைக்கு எங்க வீட்டுதுளா. அவருக்குக் கை வரணும்னு நிய்யத்து வச்சிருந்தேன். அரிசி, கறி எல்லாம் நாங்க. உப்புக்கு சந்துல எல்லார்கிட்டயும் வாங்கிட்டு வந்தேன். கடை உப்பப் போட்டா நல்லாவா இருக்கும்? நல்லத நாம மட்டும் தின்னா போதுமா, ஊரே குடிக்கட்டும்.”

எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் பொறுப்பு. தன் முறை வரும்போது வீட்டில் இருப்பதிலேயே நல்லதைக் கொடுப்பார்கள். சீரக சம்பா இருந்தால் அது, நெய் இருந்தால் அது. தமன்னா லாத்தா வீட்டில் இருந்ததிலேயே உசத்தி அந்த உப்பு. ஆராய்ச்சித் திட்டம் எழுதிய பெரிய படிப்பாளிகள் யாருக்கும் இது தோன்றியிருக்காது. பள்ளிக் கஞ்சி குடித்தே வளர்ந்த எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

கஞ்சியைக் கொடுத்து முடித்தாயிற்றா என்று கேட்டேன். அப்போதே தூக்குகளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது, மீதி பள்ளியில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு இருக்கிறது என்றாள். வாசலில் அவள் வீட்டுப் பங்கு ஒரு தூக்கில் மூடியிருந்தது. திறந்து விரலைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். பொட்டாசியம் லேசாகக் கசக்கும் என்று படித்திருக்கிறேன். நோன்பு வாயில் எனக்கு எல்லாமே கசந்தது. தமன்னா லாத்தா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“வாப்பா” என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கிட்னிக்காரர் வீட்டுக்கு இந்த உப்பு ஆகாது என்று அவளிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஓடினேன். வாப்பாவுக்குப் போன் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எங்கள் ஒற்றை அறைக் கோலியில் பூட்டுத் தொங்கியது. அந்த மனிதருக்கு நோன்பு கிடையாது, டாக்டர் விடவில்லை. ஆனால் நோன்பு திறக்கிற நேரத்தில் பள்ளியில் போய் வரிசையில் உட்காராவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. அரைக் கோப்பைக் கஞ்சி மட்டும் என்று என்னிடம் கையடித்துக் கொடுத்திருந்தார். அவருடைய அரைக் கோப்பை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கடைசி டயாலிசிஸ் வியாழனன்று, அடுத்தது மறுநாள் திங்கள் காலை. ரத்தத்தில் சேர வேண்டியதெல்லாம் சேர்ந்து நிற்கிற நாள் அது. வேறு எந்த நாளாக இருந்தாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தொண்ணூறு அடி ரோட்டில் பழ வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. “ஜரா ஹட்டோ” என்று கத்திக்கொண்டே இடித்துத் தள்ளிப் போனேன். பாதி வழியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஊரே வாயில் பேரீச்சம்பழத்தை வைக்கிற நேரம், நான் இன்னும் வேகமாக ஓடினேன். பள்ளிக்குள் பெண்கள் போக முடியாது. பள்ளி வேலைகளைப் பார்க்கும் ஹமீது காக்கா வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார், வாப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். தொழுகை ஆரம்பித்துவிட்டது, முடிந்து வருவார் என்றார். ஒரு தொழுகை அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், சீக்கிரம் முடியுங்கள் என்றுதான் நான் துஆ கேட்டேன்.

வாப்பா சிரித்துக்கொண்டே வந்தார். நான் கேட்கும் முன்பே சொன்னார்.

“கோவப்படாத புள்ள. ரெண்டு கோப்பைதான். உப்பு ஒறப்பா, அப்படி இருந்துச்சு இன்னைக்கு.”

என் வாழ்க்கையில் அவரை அடிக்க வேண்டும் என்று தோன்றியது அந்த ஒரு தடவைதான். அடுத்த நொடி அழுகை வந்தது. கையைப் பிடித்து இழுத்து ரிக்‌ஷாவில் தள்ளினேன். தமன்னா லாத்தா செருப்பு இல்லாமல் பின்னாலேயே ஓடி வந்து அதே ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்தேன். நெஞ்சு படபடக்கிறதா, கால் சோர்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நீ கேட்கக் கேட்கத்தான் படபடக்கிறது என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார், ரத்தம் எடுத்தார். துடிப்பு இப்போதைக்குப் பரவாயில்லை, ரத்த ரிப்போர்ட் வர நேரமாகும், ஆனால் அந்த உப்பில் என்ன இருந்தது என்று தெரிந்தால் நல்லது என்று ஹிந்தியில் சொன்னார். நான் வராந்தாவுக்கு வந்து மாட்டுங்காவில் இருக்கும் டாக்டர் அகிலாண்டத்துக்குப் போன் செய்தேன். ஆராய்ச்சியின் தலைவர் அவர். நான் உளறி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார், கடைசி டயாலிசிஸ் எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆபத்து என்று வந்தால் குலுக்கலைத் திறந்து பார்க்க வழி உண்டு, திறக்கச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்த வராந்தாவில் நான் உட்காரவே இல்லை. வாட்டர் கூலர்வரை போவேன், திரும்புவேன். ஒரு டம்ளர் தண்ணீரில் நோன்பைத் திறந்தேன். பெஞ்சில் தமன்னா லாத்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கை வரணும் என்று கேட்கப் போய் ஒரு உயிரை எடுத்துவிட்டேனே, கனி மாமா மவுத்தாகிவிட்டால் நான் எந்த முகத்தோடு தொழுவேன் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் அழுகையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

போன் வந்தது.

“சுலைகா, அந்தச் சந்துக்குப் போறது சாதா உப்பு. உங்க அப்பாக்கு ஒண்ணும் ஆகாது. ரிப்போர்ட் வர வரைக்கும் அங்கேயே வெச்சுக்கோ. இன்னொண்ணு, இதை நீயும் அந்த டாக்டரும் தவிர யாரும் தெரிஞ்சுக்கக் கூடாது. சந்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அந்தச் சந்தையே நாம விட்டுடணும். புரியறதா?”

புரிகிறது என்றேன். சுவரில் தலையைச் சாய்த்து நின்றேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். வாப்பா படுக்கையில் கிடந்தபடி பக்கத்துப் படுக்கைக்காரரிடம் எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் அவருக்குத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ரத்த ரிப்போர்ட்டும் வந்தது. டயாலிசிஸுக்கு முன்னால் அவருக்கு எப்போதும் இருக்கிற அளவுதான்.

வராந்தாவுக்கு வந்தேன். தமன்னா லாத்தா நிமிர்ந்து பார்த்தாள். கண் இரண்டும் வீங்கி, உதடு வெடித்து. வாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. இப்போது ஒன்றுமில்லை என்கிறாய், ராத்திரி ஏதாவது ஆனால் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஐஸ் போல் இருந்தது. ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்றேன். எனக்காகச் சொல்லாதே, நான் போட்டது எனக்குத் தெரியும் என்று மறுபடி ஆரம்பித்தாள். விட்டால் விடிய விடிய அழுவாள். ஒரு மனுஷியை அப்படி விட்டுவிட்டு என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

“லாத்தா, அது சாதா உப்பு. உங்க சந்துக்கு வர்றது கடை உப்புதான். யார்கிட்டயும் சொல்லிராதீங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். என் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சிரித்தாள்கூட. முந்தானையால் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, முடியை முடிந்துகொண்டாள். முடிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“அப்ப வருசம் பூரா எங்களுக்கு வந்தது கடை உப்பா?”

பாதி முடிந்த முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது.

“அவரு கை விழுந்த அன்னைக்கும் அதத்தான் போட்டு ஆக்குனேன்.”

அந்த இன்னொரு உப்பு நல்லது என்று இன்னும் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் எதற்காக இப்படிக் குலுக்கிப் போட்டுப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். எல்லா வாசலிலும் சொல்கிற வார்த்தைதான். பொய்யே இல்லை. அன்று என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே பிடிக்கவில்லை.

“தெரியாதுன்னு சொல்லுற. தெரியாத உப்புக்கா இந்த ஓட்டம் ஓடுனே?”

“அது கிட்னிக்கு ஆகாது லாத்தா.”

“ஒருத்தருக்கு ஆகாது. ஒருத்தருக்கு ஆகும். ஆகுறவருக்கு வரல.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் விலை கேட்டுத் திரும்புகிறவள் போலச் சொன்னாள்.

உள்ளே வாப்பா சத்தமாக யாரையோ கேலி செய்வது கேட்டது. அந்தக் குரல் கேட்டதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கணவரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள், அவருக்குச் சோறு ஊட்ட வேண்டும் என்று எழுந்தாள். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டாள்.

“டாக்டரம்மாகிட்ட சொல்லி நிறுத்திராத. மாசா மாசம் எப்பவும் போலக் கொண்டா.”

டாக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். அந்தச் சந்து இனிமேல் கணக்கில் சேருமா என்பது அவர் கையில் இருக்கிறது, பாக்கெட் நின்றாலும் நிற்கும் என்றேன்.

“நின்னா, கடையில வாங்கி அதே டப்பாவுல போட்டுக்கிடுதேன். நீ மட்டும் எங்க வீட்டுக்காரருகிட்ட வாயத் தொறந்துராதே. அந்த உப்புதான் உசுரக் காப்பாத்திச்சுன்னு தெனமும் சொல்லிச் சொல்லி ஊட்டுதேன். அத நம்பித்தான் காலையில சுவத்தப் புடிச்சு எந்திரிக்காரு.”