கோபுரமும் மலையும் சேருமிடம்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வயது ஆயிரத்துக்கு மேல். ஆய் ராஜாக்கள் ஆண்டார்கள், பாண்டியனும் சோழனும் அதற்காக அடித்துக்கொண்டார்கள், எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அங்கே கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் கிரேனை மீன்காரர் வீட்டுப் பெண்கள் ஓட்டுகிறார்கள். கிரேன் மேல் ஏறவேண்டியதில்லை. ஏசி அறையில் திரை முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினால் போதும். ஷீஜா அவர்களில் ஒருத்தி. இந்த வாரம் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம். அம்மா ரத்னாபாய் தலையிலிருந்து மீன்கூடையை இறக்கி வைக்கப்போவது அதை நம்பித்தான். இந்த வாரமாகப் பார்த்துத்தான் அப்பா திரையில் வந்தார்.

அப்பா ஞானையன் எட்டு வருஷத்துக்கு முன் புயலில் போனவர். மீன் பிடிக்கப் போன வள்ளமும் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. ஷீஜாவின் மூன்றாம் கிரேனில் கடலைப் பார்த்து ஒரு கேமரா உண்டு. அதில் அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் ஒரு வள்ளம் தெரிந்தது. சுற்றிலும் அலை எழும்பி விழ, வள்ளம் மட்டும் ஆடவில்லை. நடுவில் ஒருவர் நின்றார். பச்சைக் கட்டம் போட்ட கைலி, கொஞ்சம் இறங்கிய இடது தோள். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கேமராவுக்குள் பார்த்தார். பிறகு கையைப் பக்கவாட்டில் அசைத்தார். தள்ளிப் போ என்கிற அசைவு.

அப்பாவேதான். ஷீஜா ஷிஃப்ட் அதிகாரி பத்மகுமாரைக் கூப்பிட்டாள். அவர் திருவனந்தபுரத்தில் தமிழர்கள் வாழும் வலியசாலைத் தெருக்காரர், அவளிடம் தமிழ்தான் பேசுவார்.

"வெறும் கடல்னா தெரியறது? கண் டெஸ்டுக்கு எழுதிப் போடட்டுமா?"

பக்கத்து இருக்கை பிஜி சிரிக்கவில்லை. பிஜியின் அண்ணன் ஆன்சனும் அதே வள்ளத்தில் போனவன்.

செவ்வாயும் புதனும் அப்பா வந்தார். அதே இடம், அதே விரல், அதே கையசைப்பு.

நடுக்கடலில் மீன் கூடும் பாறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலையும் நேர்க்கோட்டில் சேர்ந்தால், அதுதான் இடம். ஒரு கண்ணை மூடி விரலை நீட்டி அதைப் பார்ப்பார்கள். அதைக் கணிச்சம் என்பார்கள். அப்பாவின் கணிச்சம் மாதா கோயில் கோபுரமும் மூக்குன்னி மலையும். இரண்டையும் இன்றைக்கு மறைத்துக்கொண்டு நிற்பது மூன்றாம் கிரேன். புயலில் திசை கெட்டவர் இப்போதுதான் ஊர் எல்லைக்கு வந்திருக்கிறார், வீடு எங்கேயென்று தெரியாமல் நிற்கிறார் என்று ஷீஜா முடிவு கட்டினாள். கடற்கரையில் பிறந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வியாழக்கிழமை அப்பா வந்தபோது, பெட்டி இறக்கக் கப்பல் காத்துக் கிடந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று, யாரையும் கேட்காமல் அவள் கிரேனை அதன் தண்டவாளத்தில் நகர்த்தினாள். சைரன் அலறியது. நாற்பது மீட்டர் போனதும் நிறுத்தினாள்.

அப்பா விரலை இறக்கினார். மூடிய கண்ணைத் திறந்தார். வா, வா என்று ஷீஜா வாய்விட்டே சொன்னாள். அவர் குனிந்து நங்கூரக் கல்லைத் தூக்கிக் கடலில் போட்டார். கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். படி இறங்குகிற மாதிரி வள்ளம் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. கடைசியாகத் தலை. ஒரு வளையம்கூட எழும்பவில்லை.

பத்மகுமார் மெமோவை மேஜையில் வைத்தார். "இனியொரு தடவை சொல்லாம நகர்த்தினா வேலை கிடையாது, கேட்டியா?"

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அழவில்லை.

"எந்தக் கணிச்சம்?"

"கோபுரமும் மூக்குன்னியும்."

"அது அவியளுக்க சொந்தப் பாறையாக்கும்." அம்மா மீன்கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "வீட்டுக்கு வாறவனுக்குக் கணிச்சம் எதுக்கு மக்களே? கரையில வெளிச்சம் கண்டா போதும். கணிச்சம் பாக்கது கடல்ல ஒரு எடத்துல இருக்கதுக்கு."

எட்டு வருஷமாக அந்த வீட்டு வாசல் தாழ் போட்டதில்லை. துருப்பிடித்திருந்த தாழ்ப்பாளை அம்மா அம்மிக்குழவியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினாள். அந்தச் சத்தம் ஷீஜாவுக்குச் சவப்பெட்டியில் ஆணி அடிப்பதுபோல் கேட்டது. அப்பா செத்துப்போனார் என்று அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவள் திரையில் வெறும் கடல்தான் இருந்தது. இன்று ஒருநாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கையில்.

"ஷீஜா." பக்கத்திலிருந்து பிஜி கூப்பிட்டாள். நான்காம் கிரேன் அவளுடையது. "என் ஸ்க்ரீன பாரேன். யாரும் நிக்காவளா?"

ஷீஜா எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அலை மட்டுமே தெரிந்தது. பத்மகுமாருக்குத் தெரிந்த அதே கடல். கண் டெஸ்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

"ஒரு கண்ண மூடியிருக்கானா?" என்று கேட்டாள்.

"ம். கைய ஆட்டுதான்."

ஆன்சன் பார்க்கிற கணிச்சத்தை நான்காம் கிரேன் மறைக்கிறது என்று ஷீஜாவுக்குப் புரிந்தது. பிஜியின் வீட்டிலும் வாசல் தாழ் போடுவதில்லை. ஆன்சனுக்கென்று அவள் அம்மா தினமும் ஒரு தட்டு கழுவி வைக்கிறாள்.

"எந்திரி," என்றாள் ஷீஜா.

"என்னத்துக்கு?"

"நான் நகத்துதேன். மெமோ ஏற்கெனவே எம்பேர்லதானே கெடக்கு. அவன் கரைக்கு வரமாட்டான் பிஜி, அத மட்டும் மனசுல வச்சுக்க. கண்ணெடுக்காம பாரு. போறதுக்கு முன்ன ஒரு தடவதான் முழு மொகத்தையும் காட்டுவாவ."

பிஜி எழுந்து நின்றாள். ஷீஜா அந்த இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினாள். சைரன் அலறியது. பின்னால் பத்மகுமாரின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஷீஜா திரும்பவில்லை, கையையும் எடுக்கவில்லை.