மாத்திரை அட்டை

மருமகள் ரெஜிலாவின் மீது ஜெயபாய்க்குச் சந்தேகம் விழுந்து மாதங்கள் ஆகின்றன. இன்று குப்பைக்கூடையைக் கிளறியதில் காலி மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. முட்டம் சந்திப்பு மருந்துக்கடையில் கொண்டு காட்டினாள்.

“இது பிள்ள உண்டாகாம இருக்கதுக்கு உள்ளதாக்கும்,” என்றான் கடைக்காரன்.

நினைத்தது சரிதான். வீட்டுக்கு வந்ததும் அட்டையை மேசையில் போட்டாள். “பேரப்பிள்ளைக்கு நான் முட்டுகுத்தி ஜெபிக்கேன். நீ இதத் திங்குதியா ஏட்டி?”

ரெஜிலா கலங்கவில்லை. “டாக்டர் தந்தது மாமி. கருமுட்டைப் பை சரியா வேல செய்யல. அதுல ஊற வேண்டிய ஹார்மோனுக்குப் பதிலாத்தான் இது.”

“இது யாரு வச்ச செய்வினை?”

“வெளிய உள்ள ஆரும் இல்ல. ஒடம்புக்குள்ள நோய வெரட்டக் காவல் நிக்கிற அணுக்கதான். அதுகளுக்குச் சந்தேகம் வந்து, சொந்தக் கருமுட்டைப் பையவே பகையாளின்னு நெனச்சு அடிச்சிருக்கு. அடி விழ விழ உள்ள துருப்பிடிச்ச மாதிரி ஆயிப்போச்சாம்.”

உப்புக்காற்றில் துருவேறிய சன்னல் கம்பியையே ஜெயபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நம்பாதவள்போல், “சொந்த வீட்டு ஆளையேவா சந்தேகப்படும்?” என்றாள்.

ரெஜிலா அட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“இனி குப்பையில தேடாண்டாம் மாமி. தின்னு முடிச்சதும் நானே கொண்டு தாறேன்.”