விட்டுடு

என் அண்ணன் ரபேல்தான் என் புருஷனைக் கொன்னான். கிள்ளான் ரோட்டுல, பட்டப்பகல்ல, சம்மட்டியால மண்டையில ஒரே அடி. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். இதைக் கேட்டதும் உச்சுக்கொட்ட வர்றவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடலாம். எனக்கு யாரோட பரிதாபமும் வேணாம்.

நாங்க மூணு பேரும் ரோட்டுக்குத் தார் போடற கூட்டத்துல வேலை. பிரிக்பீல்ட்ஸ்ல கூலிக்காரங்களுக்குக் கட்டின லயத்துல குடியிருந்தோம். அண்ணன் கல்லு உடைப்பான், நான் கூடையில சுமப்பேன், எங்க வீட்டுக்காரர் டிரம்முல தாரைக் கிண்டுவார். அவர் பேரு இக்னேஷியஸ். கட்டின நாள்லேர்ந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்ல. கோர்ட்டுலதான் சொல்ல வெச்சானுங்க.

முதநாள் நல்ல மழை. டிரம்முக்குள்ள தண்ணி இறங்கியிருந்துச்சு. தண்ணியோட தாரைக் காய்ச்சினா பொங்கி மேல அடிக்கும், தார் வேலை பாக்கற எல்லாருக்கும் அது தெரியும். வடிச்சிட்டுக் காய்ச்சலாம்னார் எங்க வீட்டுக்காரர். எங்களை வேலை வாங்கற மண்டோர் பக்கிரிசாமி, அந்த வெளங்காதவன், தொரை வர்றதுக்குள்ள ரோடு கருப்பாத் தெரியணும், பத்த வைடான்னான். பத்த வெச்சார்.

கொஞ்ச நேரத்துல பொங்கிச்சு. நெஞ்சுலேர்ந்து முழங்கால் வரைக்கும் அவர் மேல ஊத்திச்சு. அடுப்புத் தீ அதுல புடிச்சுக்கிச்சு. மனுஷன் எரிஞ்சுக்கிட்டே ஓடினார். அண்ணன் பாஞ்சு போய் அவரைக் கீழ தள்ளி, மணலை அள்ளிக் கொட்டி, கோணியைப் போட்டு அமுக்கினான். தீ அணைஞ்சுது. தார் மட்டும் கொதிச்சுக்கிட்டே உள்ள இறங்குது. சட்டையைக் கிழிச்சு எடுக்கலாம்னு இழுத்தேன், சட்டையோட தோலும் சேர்ந்து வந்துச்சு. கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு. அவர் கத்தின கத்துல ரோட்டோரம் கட்டியிருந்த மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடிச்சு.

லோரி கல்லேத்த கிள்ளானுக்குப் போயிருந்துச்சு. திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரி வண்டிக்கு ஆள் அனுப்புடான்னு மண்டோர்கிட்ட கத்தினேன். தொரை வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாம்னான். தார் அள்ளற நீட்டு அகப்பை கைக்கு எட்டற தூரத்துல கெடந்துச்சு. எடுத்து அவன் வாய் மேலயே போட்டேன். முன்பல்லு ரெண்டு தெறிச்சுது. கீழ விழுந்தவனை இன்னும் நாலு போட்டேன். இடுப்பைப் புடிச்சு இழுத்துட்டாங்க, இல்லாட்டி அன்னைக்கே கூட ஒரு பொணம் விழுந்திருக்கும். அவன் வாயைப் பொத்திக்கிட்டு தூரப் போய் நின்னான்.

திரும்பி வந்து அவர் பக்கத்துல உக்காந்தேன். தொடறதுக்கு உடம்புல இடமே இல்ல. இடது மணிக்கட்டுல மட்டும் தார் படலைன்னு தெரிஞ்சுது. அதை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். நான் இங்கதான் இருக்கேன்னு அவருக்குத் தெரியட்டும்னு பாத்தேன். அண்ணன் அந்தப் பக்கம் தலமாட்டுல நின்னு அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தான். கத்தல் குறைஞ்சு முனகலாச்சு. வாய் அசைஞ்சுது.

“விட்டுடு,”ன்னார். மூச்சு வாங்கிட்டு, இன்னும் சத்தமா, “விட்டுடு.”

அண்ணன் அவர் மூஞ்சியிலேர்ந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். “போகணுங்கறான், உர்சுலா. என்ன செய்யட்டும்?”

“செய்,”ன்னேன்.

ஆமா, நான்தான் சொன்னேன். அண்ணன் சிலுவை போட்டுக்கிட்டு, கல்லு உடைக்கற சம்மட்டியை ரெண்டு கையாலயும் தூக்கினான். நான் கண்ணை மூடல. ரத்தம் என் மூஞ்சியில, வாய்க்குள்ள, எல்லாம் அடிச்சுது. அதுக்கப்புறம் அவர் கத்தல. அந்த நேரத்துல எனக்கு அது ஒண்ணுதான் வேணும். புடிச்சிருந்த கையை எடுத்தப்ப அவர் மணிக்கட்டுத் தோலு அப்படியே என் உள்ளங்கையோட கழண்டு வந்துச்சு. அதை முந்தானையில சுத்தி வெச்சுக்கிட்டேன். வேற ஒண்ணும் யோசிக்கல.

போலீஸ்ல அண்ணன் என் பேரை இழுக்கவே இல்ல. நானே முடிவு பண்ணி நானே அடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டான். நீ வாயைத் திறந்தே, நான் தூக்குல தொங்கறதுக்கு முன்ன இங்கயே நாண்டுக்குவேன்னு கம்பிக்குப் பின்னால நின்னு மிரட்டினான்.

பிரிக்பீல்ட்ஸ் முழுக்க இதே பேச்சு. உயிர் ஆண்டவர் குடுத்தது, அவர் கேக்கறப்பதான் திருப்பிக் குடுக்கணும்னார் மாதா கோயில் சாமியார். அப்போ அந்த வேதனையும் ஆண்டவர் குடுத்ததா சாமின்னு கேட்டேன். உனக்காக வேண்டிக்கறேன்னுட்டு எந்திரிச்சுட்டார். அண்ணனைக் கையெடுத்துக் கும்பிடணும்னு சில பேர். மச்சினன் மண்டையில அடிக்க இந்தக் கை எப்படித்தான் துணிஞ்சுதுன்னு சில பேர். ரெண்டு கூட்டமும் குழாயடியில அடிச்சுக்கிட்டு, ஒருத்தன் மண்டை உடைஞ்சுது.

அண்ணனுக்கு வாதாட வந்த வக்கீல் ராதாகிருஷ்ணன்தான் சட்டத்தைப் புரியவெச்சார். “சட்டத்துல இரக்கம்னு ஒரு வார்த்தை கிடையாதும்மா. சம்மதம்னுதான் ஒண்ணு இருக்கு.” செத்தவர் வயசு வந்த ஆளு, அவரே என்னைக் கொன்னுடுன்னு கேட்டிருந்தா அது கொலைக் கணக்குல வராதாம், ஜெயிலோட போயிடுமாம். அவர் கேக்காம, பாவம் பாத்துக் கொன்னிருந்தா தூக்குதானாம். எல்லாம் அந்த ஒரு சொல்லுலதான் நிக்குது, அதைக் கிட்ட இருந்து கேட்டவ உன் அண்ணனை விட்டா நீ ஒருத்திதான்னார்.

கோர்ட்டுல டாக்டர் வந்து, அந்த ஆளு சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்க மாட்டார்னு சொன்னார். சர்க்கார் வக்கீல் விடல. ஒரு மணி நேரம்தான் மிச்சம்னாலும் அந்த ஒரு மணி நேரம் அவனோடது, அதை எடுக்க அடுத்தவனுக்கு உரிமை இல்லைன்னான். அந்த ஒரு மணி நேரத்தை உன் ஒடம்புல வாங்கிப் பாருடான்னு பாஞ்சு அவன் கழுத்தைப் புடிக்கணும் போல வந்துச்சு. பெஞ்சை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் மண்டோர் கூண்டுல ஏறினான். பல்லு போன வாயால, அந்த ஆளு விட்டுடு விட்டுடுன்னு கெஞ்சினான், இவன் கேக்காம அடிச்சுக் கொன்னான்னு சொன்னான். துபாசி அதை இங்கிலீஷ்ல சொன்னதும் ஜட்ஜு பேனாவைக் கீழ வெச்சுட்டு அண்ணனைப் பாத்தார். என்னை உயிரோட விட்டுடுன்னு கெஞ்சினதாத்தான் அவர் காதுல விழுந்திருக்கு. மண்டோர் பொய் சொல்றான்னு சொல்லவும் வழியில்ல. அந்தச் சொல்லு அவர் வாயில வந்துச்சே.

என்னைக் கூப்பிட்டாங்க. வேதப் புத்தகத்து மேல கை வெச்சேன். துபாசி சின்னையா யாழ்ப்பாணத்து ஆளு, நிதானமான மனுஷர். எங்க பேச்சு அவருக்குச் சட்டுனு புடிபடாது, அதனால ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேப்பார். அவர் என்னைப் பாத்துக் கேட்டார்.

“அவர் எதை விடச் சொன்னவர், பிள்ளை?”

எதை? அதுவரைக்கும் நான் அதைக் கேட்டுக்கிட்டதே இல்ல. என் உள்ளங்கை திகுதிகுன்னுச்சு. கழண்டு வந்த தோலு கண்ணு முன்னால வந்துச்சு. தார் படலைன்னு நெனச்சுப் புடிச்சேனே, அந்த மணிக்கட்டும் வெந்துதான் இருந்திருக்கு. வெந்த கையை நான் ரெண்டு கையாலயும் நெரிச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். கையை விட்டுடு, வலிக்குதுன்னு அந்த மனுஷன் என்கிட்ட கேட்டிருக்கார். ஐயோ, கையை விடத்தானே கேட்டார். நான் கையை விடாம, சம்மட்டிக்குச் சரின்னு சொன்னேன்.

போக விடுன்னும் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர் குழிக்குள்ள இருக்கார்.

எதிர்க் கூண்டுல நின்ன அண்ணன் என்னையே பாத்துக்கிட்டிருந்தான். அவனுக்குச் சொந்த உசிரைப் பத்திப் பயம் இருந்த மாதிரி தெரியல. மாப்ளை கேட்டதைத்தான் செஞ்சேன்னு நான் சொல்லணும், அவ்வளவுதான் அவனுக்கு வேணும்.

“உயிரை,”ன்னேன். “உயிரைப் போக விட்டுடுன்னு கேட்டார்.”

ஏழு வருஷம் போட்டாங்க. புடு ஜெயிலுக்குப் பாக்கப் போறப்பல்லாம் அண்ணன் ஒண்ணையேதான் சொல்லுவான். அவன் வாயால கேட்டான், நான் குடுத்தேன், அந்த ஒண்ணை நெனச்சுத்தான் ராத்திரி தூங்கறேம்பான். நான் தலையாட்டுவேன். அந்தப் பொய்யை இன்னைக்கு வரைக்கும் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கற பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொல்லல. சொன்னா சாமியார் உண்மையைச் சொல்லும்பார். யார்கிட்ட போய் சொல்ல?

ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல வெளிய வந்தான். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. ஜெயில் வாசல்ல என் மணிக்கட்டை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதான். கல்லு உடைச்ச கை அது, எலும்பு நொறுங்கற மாதிரி இருந்துச்சு.

“விட்டுடு அண்ணே,”ன்னேன். வலியில வாயில வந்துடுச்சு.

சட்டுனு விட்டான். அழுகை நின்னுச்சு. என் மணிக்கட்டைப் பாத்தான், தன் கையைப் பாத்தான்.

“உர்சுலா. அன்னைக்கு அவன் கையை நீ புடிச்சிருந்தியா?”

“இல்லண்ணே. தொடறதுக்கு அவர் உடம்புல இடம் எங்க இருந்துச்சு?”

தலையாட்டினான். ரெண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தே போனோம். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவன் என் கையைத் தொடவே இல்ல.